ஞாயிறு நோக்கிய சான்றோர்

பழனியை அடுத்த ஐவர்மலை தமிழ்ச் சமணர் நெஞ்சில் நிலைத்த இடங்களுள் ஒன்று. அம்மலையின் இயற்கைக் குகைத்தளத்தின்மேல் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. கி.பி. 870ஆம் ஆண்டில், வரகுண பாண்டியன் ஆட்சியில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர் அங்குள்ள பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்த செய்தியைக் கல்வெட்டு எடுத்துரைக்கிறது. அவ்விடத்திலிருந்து தெற்கே நோக்கினால் பழனி மலைத்தொடர் நீல மதில்போல் உயர்ந்து நிற்கும். அம்மதிலின் உச்சியில், மேகங்களுக்கிடையே அமைந்த ஊரே கோடைக்கானல்.

கோடைக்கானல் என்றவுடன் ஏரியும் குளிரும் குறிஞ்சி மலரும் நம் நினைவுக்கு வரும். ஆனால் அவ்வூரின் உயர்ந்த முகடொன்றில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில், நூறாண்டுகளுக்கும் மேலாக ஞாயிற்றை நாள்தோறும் நோக்கிவரும் வானாய்வகம் ஒன்று உள்ளது. அவ்வாய்வகத்தில் 1907ஆம் ஆண்டு முதல் 1923ஆம் ஆண்டு வரை பணியாற்றி, உலக வானியல் நூல்களில் தம் பெயரும் கோடைக்கானலின் பெயரும் ஒருங்கே நிலைபெறச் செய்தவர் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர். அவர்தம் வாழ்க்கை வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

நம் விழாமலரில் இவ்வரலாற்றை எழுதுவதற்குக் காரணம் உண்டு. வாழ்வின் குறிக்கோள் யாது என்னும் வினா துறவியர்க்கு மட்டும் உரியதன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த ஒவ்வோர் இல்லத்திலும் அவ்வினா எழுகிறது. மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறோம், கல்லூரிக் கட்டணத்தைக் கணக்கிடுகிறோம், பின்னாளில் வரக்கூடிய ஊதியத்தையும் கணக்கிடுகிறோம். அம்மகனின் உள்ளத்தை, அம்மகளின் உள்ளத்தை எது அசைக்கிறது என்பதை மட்டும் கணக்கில் கொள்ள மறந்துவிடுகிறோம். எவர்ஷெட்டின் வாழ்வு அம்மறதியை நீக்க வல்லது.

எவர்ஷெட் 1864ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள், இங்கிலாந்து நாட்டின் சரே மாவட்டத்திலுள்ள காம்ஷல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பெயரும் ஜான் என்பதே, தாயார் சோஃபியா. இளமையிலேயே அவருக்கு வானத்தின்மீது பற்று உண்டாயிற்று. எனினும் பல்கலைக்கழகம் சென்று வானியல் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பள்ளிப் படிப்பை முடித்தபின், இலண்டன் மாநகரில் எண்ணெயும் வேதிப்பொருள்களும் சார்ந்த வணிக நிறுவனம் ஒன்றில் பணியில் அமர்ந்தார். பொருள்களைச் சோதித்துத் தரம் காண்பது அவருக்குரிய வேலை. பிழையில்லாத பணி, நிலையான ஊதியம். பிறர் பார்வையில் அவர் வாழ்வு அத்துடன் அமைந்துவிட்டது.

ஆனால் ஒருவரின் உள்ளம் எங்கே இருக்கிறது என்பதை அறிய வேண்டுமானால், ஊதியம் பெறும் நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தல் போதாது. ஊதியம் இல்லாத நேரத்தில் அவர் எதை நாடிச் செல்கிறார் என்று பார்த்தல் வேண்டும். எவர்ஷெட் பணி முடிந்த பொழுதுகளையும் விடுமுறை நாள்களையும் ஞாயிற்றுக்கு அளித்தார். 1890ஆம் ஆண்டில் சரே மாவட்டத்துக் கென்லி என்னும் ஊரில் தமக்கெனச் சிறிய வானாய்வகம் ஒன்றை அமைத்துக்கொண்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் வானியற் சங்கம் தொடங்கப்பெற்றது. பல்கலைக்கழகப் பட்டமோ பதவியோ இல்லாத ஆர்வலர்க்கும் இடமளித்த அச்சங்கத்தில் தொடக்கக் காலத்திலேயே உறுப்பினராகி, ஞாயிற்று ஆய்வுப் பிரிவொன்றுக்குத் தலைமை ஏற்கும் அளவுக்கு உயர்ந்தார்.

ஞாயிற்றில் அவரை ஈர்த்தது யாது? அதனை அறிய ஒரு சிறு விளக்கம் தேவை. ஞாயிற்றின் விளிம்பில் செந்நிறத் தீநாக்குகள் போன்ற வளிப்பிழம்புகள் எழுந்து நிற்கும். அவற்றைச் சூரியச் சுடர்க்கொழுந்துகள் எனலாம். முழுச் சூரிய கிரகணத்தின்போது சில நிமிடங்கள் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்த அவற்றை, கிரகணம் இல்லாத நாளிலும் காணும் வழி 1868ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தைக் காண, அக்காலச் சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்திருந்த பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியின் வழியே மறுநாளும் அச்சுடர்க்கொழுந்துகளைக் கண்டார். இங்கிலாந்தில் லாக்கியர் என்பாரும் அவ்வழியைத் தாமே தனியாகக் கண்டறிந்தார்.

கென்லியில் எவர்ஷெட் அத்தகைய கருவியை அமைத்து, வானம் தெளிந்திருக்கும்போதெல்லாம் சுடர்க்கொழுந்துகளை நோக்கிக் குறித்துவந்தார். அவை இன்று ஒரு வடிவில் இருக்கும். நாளை வேறு வடிவில் இருக்கும். சில ஒரு மணிப்பொழுதுக்குள் எழுந்து மறையும். வெறுங்கண்ணால் நோக்கினால் பார்வையையே கெடுத்துவிடும் அப்பேரொளிக்குள் இத்துணை மாற்றங்கள் ஓயாது நிகழ்கின்றன என்னும் வியப்பே அவரைக் கட்டி நிறுத்தியது. அவ்வாய்வினால் அவருக்குப் பொருள் வரவில்லை. பொருள் செலவாயிற்று, உறக்கமும் ஓய்வும் குறைந்தன. ஆயினும் உள்ளம் தளரவில்லை. தம் உள்ளத்தின் இவ்வியல்பை அவர் மறைக்கவும் இல்லை. பொழுதுபோக்கு என்று எளிமைப்படுத்தித் தள்ளிவிடவும் இல்லை.

அவ்வார்வத்தைக் கண்டு உதவியவருள் தலையாயவர் ரன்யார்டு என்னும் வானியல் அறிஞர். எவர்ஷெட்டின் நண்பராகிய அவர், 1894ஆம் ஆண்டில் மறைந்தபோது, தம்முடைய 18 அங்குலத் தொலைநோக்கியை எவர்ஷெட்டுக்கு உரிமையாக்கிச் சென்றார். ஞாயிற்றை ஒற்றை நிறத்தில் படமெடுக்கும் கருவியை அமெரிக்காவில் உருவாக்கிய ஜார்ஜ் ஹேல் என்பாரின் தொடர்பும் ரன்யார்டு வழியாகவே எவர்ஷெட்டுக்குக் கிட்டியது. உண்மையான ஆர்வம் தனக்குரிய துணைவரைத் தானே தேடிக்கொள்ளும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

தொழிலில் கற்ற வேதியியலையும் அவர் வீணாக்கவில்லை. வளிகளை மிகுந்த வெப்பத்திற்கு உட்படுத்தினால் அவை ஒளிவிடுமா என்னும் வினாவை எடுத்துக்கொண்டு, தாமே சோதனைகள் நிகழ்த்தி, அவற்றின் முடிவுகளை 1895ஆம் ஆண்டில் வெளியிட்டார். வயிற்றுக்காகச் செய்த வேலையும் உள்ளம் நாடிய வேலையும் ஒன்றுக்கொன்று பகையாகாமல், ஒன்று மற்றொன்றுக்குக் கைகொடுத்தன.

ஒருவரின் ஆர்வம் மெய்யானதா என்பதைத் தோல்வியே சோதித்துக் காட்டும். 1896ஆம் ஆண்டில் முழுச் சூரிய கிரகணம் காணச் சங்கத்தார் நார்வே நாட்டின் வடகோடிக்குச் சென்றனர். எவர்ஷெட்டும் உடன் சென்றார். நெடுந்தொலைவு கடந்து சென்றவர்களுக்கு அன்று மேகமே காட்சியளித்தது. எனினும் 1898ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நம் நாட்டின் பேரார் பகுதியிலுள்ள தல்னி என்னும் ஊருக்கு அவர் வந்தார். அம்முறை வானம் தெளிந்திருந்தது. ஞாயிற்றின் விளிம்பு மறையும் நொடிப்பொழுதில் மின்னித் தோன்றும் நிறமாலையை அவர் படமெடுத்தார். அப்படங்கள் அறிஞரிடையே அவருக்கு நற்பெயர் ஈட்டித் தந்தன.

1900ஆம் ஆண்டில் அல்சீரியாவில் நிகழ்ந்ததோ வியப்புக்குரியது. கிரகணம் காண்போர் நிழலின் நடுப்பாதையை நாடுவதே வழக்கம். முழு மறைவு அங்கேதான் நீண்டு நிற்கும். எவர்ஷெட்டோ நிழலின் ஓரத்தை நாடிச் சென்றார். விளிம்பில் மின்னும் நிறமாலை ஓரத்தில் நின்றால் நெடுநேரம் தெரியும் என்பது அவர் கணக்கு. ஆனால் நிழலின் எல்லை சற்றே விலகிப்போக, அவர் நின்ற இடம் முழு மறைவுக்கு மயிரிழை வெளியே அமைந்துவிட்டது. ஞாயிறு முற்றும் மறையும் அருங்காட்சியை அவர் இழந்தார். எனினும் தமக்கு வேண்டிய நிறமாலைப் படங்களை எடுத்துக்கொண்டே திரும்பினார். 1905ஆம் ஆண்டில் மீண்டும் ஸ்பெயின் நாட்டுக்குப் பயணமானார். பெருமையை நாடியவராக இருந்தால் நார்வேயின் மேகத்தோடு அப்பயணங்கள் முடிந்திருக்கும். அவர் நாடியது காட்சியையே. ஆதலின் தோல்வி அவரை நிறுத்தவில்லை.

நார்வேப் பயணம் அவருக்கு வேறொரு பேற்றை அளித்தது. மேரி ஆக்வொர்த் ஓர் என்னும் நங்கையாரை அவர் அப்பயணத்தில் சந்தித்தார். 1867ஆம் ஆண்டில் பிறந்த அம்மையார், இளமையில் இத்தாலியின் பிளாரன்சு நகரில் தங்கியிருந்தபோது தாந்தே என்னும் பெரும்புலவரின் காவியத்தில் உள்ளம் பறிகொடுத்தவர். பின்னர் ஆத்திரேலியாவில் வாழ்ந்தபோது தென்வானத்து விண்மீன்களைக் கற்று, அவற்றை எளிதில் அறிவதற்குரிய வழிகாட்டி நூல் ஒன்றையும் எழுதினார். கவிதையும் விண்மீனும் அம்மையாரின் உள்ளத்தில் இருவேறு பொருள்களாக இருக்கவில்லை. அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

1906ஆம் ஆண்டு எவர்ஷெட்டின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. கோடைக்கானல் வானாய்வகத்தில் துணை இயக்குநர் பதவி அவருக்கு அளிக்கப்பட முன்வந்தது. புகழ்பெற்ற வானியலார் வில்லியம் ஹக்கின்சு அவரைப் பரிந்துரைத்தார். எவர்ஷெட்டுக்கு அப்போது வயது 42. பழகிய தொழில் ஒருபுறம். தம் கையால் அமைத்த கென்லி ஆய்வகம் ஒருபுறம். தாய்நாடும் சுற்றமும் ஒருபுறம். எதிரே இருந்ததோ கடல் கடந்த நாட்டில், மலையுச்சியில், வேறொருவரின் கீழ்ப் பணியாற்றும் வாழ்வு. இளைஞர்க்கே துணிவு வேண்டும் முடிவு அது; நாற்பதைக் கடந்தவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

அவர் அப்பணியை ஏற்றார். பதினாறு ஆண்டுகளாகக் கென்லியில் எஞ்சிய பொழுதுகளில் செய்துவந்த ஒன்றை இனி முழுப்பொழுதும் செய்யலாம் என்பதே அதன் பொருள். திடீரென எழுந்த உணர்ச்சி வேகத்தில் அவர் தொழிலை உதறிவிடவில்லை என்பதை நாம் நன்கு நோக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தம் உள்ளத்தைப் பார்த்து, அது மாறாமல் ஒன்றையே நாடுகிறது என்று தெளிந்தபின் எடுத்த முடிவு அது. அவ்வாண்டிலேயே மேரி அம்மையாரை மணந்தார். இருவரும் அமெரிக்காவில் ஹேல் அமைத்திருந்த வில்சன் மலை ஆய்வகத்தைக் கண்டு, சப்பான் வழியாகப் பயணித்து, 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோடைக்கானலை அடைந்தனர்.

அக்காலத்தில் கோடைக்கானலுக்கு மோட்டார் சாலை இல்லை. அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலோ ஆள்கள் சுமக்கும் நாற்காலியிலோ நடந்தோ மலையேற வேண்டும். ஆய்வகத்துக் கருவிகளும் கண்ணாடிகளும் அவ்வாறே மேலேறியவை.

அவ்வாய்வகம் தோன்றிய வரலாறு நம் முன்னோரின் துயரத்தோடு பிணைந்தது. 1876ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மழை பொய்த்து இலட்சக்கணக்கானோர் மாண்ட அக்கொடுமைக்குப்பின், மழைக்கும் ஞாயிற்றின் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பிலிருந்த மிச்சி ஸ்மித் தென்னாட்டு மலைகளை ஆய்ந்து, கோடைக்கானலே தக்க இடம் எனத் தேர்ந்தார். 1895ஆம் ஆண்டில் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899ஆம் ஆண்டில் சென்னையின் வானியற் பணி மலைக்கு மாற்றப்பட்டது. பஞ்சத்தின் வினாவுக்கு அவர்கள் எதிர்பார்த்த எளிய விடை கிட்டவில்லை; எனினும் ஞாயிற்றை நாள்தோறும் நோக்கும் நல்வழக்கம் அம்மலையில் வேரூன்றியது.

எவர்ஷெட் வந்தபோது ஆய்வகத்தில் ஞாயிற்றை ஒற்றை நிறத்தில் படமெடுக்கும் கருவி ஒன்று இருந்தது. கேம்பிரிட்சிலிருந்து வந்த அதனைச் செம்மைப்படுத்தி நாள்தோறும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவந்தார். பின்னர் ஐதரசன் வளியின் செந்நிற ஒளியில் படமெடுக்கும் மற்றொரு கருவியைத் தாமே வடிவமைத்தார். கென்லியில் தம் கையாலேயே கருவி அமைத்துப் பழகிய பயிற்சி இங்கே துணை நின்றது. பட்டம் பெறாமல் போனதால் அவர் இழந்தது சிறிது. கைத்திறத்தால் பெற்றது பெரிது.

இனி அவர் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பைக் காண்போம். ஞாயிற்றின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறைவதுண்டு. ஒவ்வொரு பெரும்புள்ளிக்கும் நடுவே இருண்ட பகுதியும், அதனைச் சூழ்ந்து சற்று வெளிறிய இழைகளாலான வளையமும் இருக்கும். 1908ஆம் ஆண்டில் ஹேல், அப்புள்ளிகளில் வலிய காந்தப்புலம் இருப்பதைக் கண்டு உலகை வியக்கச் செய்தார். புள்ளிகளைச் சுற்றி வளி சுழற்காற்றுப்போல் சுழல்கிறது என்பதும் அவர் கருத்து. அக்கருத்தை நிறமாலையின் வழியே ஆராய எவர்ஷெட் முற்பட்டார்.

1909ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5ஆம் நாள். முன்னாள்களில் பெய்த பெருமழைக்குப்பின் மலை வானம் கழுவி விட்டாற்போல் தெளிந்திருந்தது. ஞாயிற்றின்மேல் இரண்டு பெரும்புள்ளிகள் தெரிந்தன. எவர்ஷெட் எடுத்த நிறமாலைப் படங்களில், புள்ளிகளைக் கடக்கும் கோடுகள் நேராக இல்லாமல் வளைந்து முறுகியிருந்தன. நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளிக்கோடு ஊதாப் பக்கமும், நம்மை விட்டு விலகும் பொருளின் ஒளிக்கோடு சிவப்புப் பக்கமும் சாயும். ஆகவே அவ்வளைவு, புள்ளியினுள் வளி ஏதோ ஒரு திசையில் ஓடுவதைக் காட்டிற்று.

அது சுழற்சிதான் என்று உடனே முடிவு செய்திருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிரார். ஹேலைப் போன்ற பேரறிஞரின் கருத்தும் அதுவே. எவர்ஷெட் தேடிச் சென்றதும் அதுவே. ஆனால் அவர் அவசரப்படவில்லை. பல புள்ளிகளை, ஞாயிற்று வட்டத்தின் பல இடங்களில், கருவியின் பிளவைப் பல கோணங்களில் திருப்பித் திருப்பி நோக்கினார். புள்ளி வட்டத்தின் நடுவில் இருக்கும்போது கோடுகள் சாயவில்லை. விளிம்பை நெருங்கியபோதே சாய்ந்தன. சுழற்சியாயின் எந்தக் கோணத்தில் மிகுதியாகச் சாய வேண்டுமோ, அந்தக் கோணத்தில் சாயவில்லை. உண்மை வேறாக இருந்தது. வளி சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஞாயிற்றின் மேற்பரப்பை ஒட்டி, நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் பரவி ஓடிக்கொண்டிருந்தது. இவ்வொழுக்கே உலகெங்கும் எவர்ஷெட் விளைவு என வழங்கப்பெறுகிறது.

இங்குச் சற்று நின்று எண்ணுதல் நலம். தம் எண்ணம் வெல்ல வேண்டும் என்பது ஒருவகை ஆசை. உள்ளதை உள்ளவாறு காண வேண்டும் என்பது மற்றொருவகை ஆசை. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் மனிதனை இரவும் பகலும் உழைக்கச் செய்யும். எதிர்பாராத விடை வந்து நிற்கும்போதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். முதல் ஆசை உடையவன் விடையைத் தன் விருப்பத்திற்கேற்ப வளைப்பான். இரண்டாம் ஆசை உடையவன் தன் விருப்பத்தை விடைக்கேற்ப வளைத்துக்கொள்வான். எவர்ஷெட் இரண்டாம் வகையினர். நற்காட்சியை முதலாக வைத்து எண்ணிப் பழகிய நம்மவர்க்கு இவ்வேறுபாடு விளங்குதல் அரிதன்று.

கணவர் ஞாயிற்றை நோக்கியிருந்த அதே மலையில் மேரி அம்மையாரும் தமக்குரிய பணியைக் கண்டார். ஆய்வகப் படங்களைக் கூர்ந்து ஆராய்ந்து, கரும்புள்ளிகளோடு தொடர்புடைய சுடர்க்கொழுந்துகளைப் பற்றி 1913ஆம் ஆண்டில் தம் பெயரில் கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டு, தாந்தேயின் காவியத்தில் காணப்படும் வானியற் செய்திகளையும் பண்டைய வானியலார் வரலாற்றையும் இணைத்து ஒரு நூல் வெளியிட்டார். இளமையில் பிளாரன்சில் தோன்றிய காதலும் ஆத்திரேலிய வானத்தின்கீழ் வளர்ந்த காதலும் ஒரே நூலில் கைகோத்தன. உள்ளத்தை அசைப்பவை இரண்டாக இருந்தால் ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும் என்பதில்லை. காத்திருந்தால் அவை கலக்கும் இடமும் புலப்படும். 1917ஆம் ஆண்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து சுடர்க்கொழுந்துகளைப் பற்றிய விரிவான ஆய்வேட்டையும் வெளியிட்டனர்.

1911ஆம் ஆண்டில் மிச்சி ஸ்மித் ஓய்வு பெற, எவர்ஷெட் ஆய்வகத்தின் இயக்குநரானார். அதற்கு முந்திய ஆண்டில் ஹாலி வால்மீன் வந்தபோது அதன் நீண்ட வாலைக் கோடைக்கானலிலிருந்து படமெடுத்திருந்தார். காற்றின் அலைவு குறைந்த இடத்தில் ஞாயிற்றின் உருவம் மேலும் தெளிவாகத் தெரியும் என்று கருதிக் காசுமீரப் பள்ளத்தாக்கில் சில காலம் தற்காலிக ஆய்வகம் அமைத்துச் சோதித்தார். 1915ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. 1918ஆம் ஆண்டில் அரச வானியற் கழகம் தன் பொற்பதக்கத்தை அளித்தது. பல்கலைக்கழக வாயிலை மிதியாதவர்க்கு வந்த சிறப்புகள் இவை.

புகழ் வந்தபின்னும் தம் கருத்தைத் தாமே சோதிக்கும் வழக்கத்தை அவர் விடவில்லை. ஞாயிற்றின் ஒளிக்கோடுகள் மிகச் சிறிதளவு சிவப்புப் பக்கம் சாய்ந்திருப்பதை அவர் அளந்திருந்தார். ஐன்ஸ்டைனின் கோட்பாடு அதற்கு ஒரு காரணம் கூறியது. எவர்ஷெட்டோ பூமியை நோக்கிய பக்கத்தில் மட்டும் அச்சாய்வு நிகழ்கிறதோ என்று முதலில் ஐயுற்றார். அவ்வையத்தைத் தீர்க்க அவர் கையாண்ட வழி நுட்பமானது. வெள்ளிக்கோள் ஞாயிற்றின் மறுபக்கத்து ஒளியைத் தன்மீது வாங்கி நமக்குத் திருப்பி அனுப்புகிறது அன்றோ? அவ்வெள்ளியின் ஒளியை ஆராய்ந்தால் நமக்குத் தெரியாத பக்கத்தின் செய்தியும் கிட்டும். அவ்வாறே பலகாலம் ஆராய்ந்தார். காலப்போக்கில் ஐன்ஸ்டைனின் கருத்துக்கே அவர்தம் அளவைகள் ஆதரவாயின.

1922ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவின் வாலல் என்னும் கடற்கரைக்குக் கிரகணம் காணச் சென்றார். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதிக்கப் பல நாட்டாரும் கூடிய இடம் அது. பிறர் வெற்றி பெற்றனர். எவர்ஷெட்டின் குழுவுக்கு எண்ணிய பயன் கிட்டவில்லை. அப்போது அவருக்கு வயது 58. நார்வேயில் மேகத்தைக் கண்டு திரும்பிய அதே மனிதர், அதே அமைதியுடன் மலைக்குத் திரும்பிப் பணியைத் தொடர்ந்தார்.

1923ஆம் ஆண்டில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தாய்நாடு சென்றார். ஓய்வு என்பது பதவிக்கே அன்றி உள்ளத்திற்கு இல்லை என்பதை அவர் காட்டினார். சரே மாவட்டத்து யூஹர்ஸ்டு என்னும் ஊரில் மீண்டும் ஒரு சொந்த ஆய்வகத்தை எழுப்பினார். கென்லியில் தொடங்கியபோது இருந்ததுபோலவே ஊதியமின்றி, கட்டளையிடுவார் இன்றி, ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம், தொண்ணூறு வயதை நெருங்கும் வரை ஞாயிற்றை நோக்கினார். மேரி அம்மையாரும் வானியல் வரலாற்றுப் பணியைத் தொடர்ந்து, நிலவின் மலைகளுக்கும் பள்ளங்களுக்கும் பெயர் தந்த அறிஞரைப் பற்றிய நூலொன்றைத் தொகுத்தளித்து, 1949ஆம் ஆண்டில் மறைந்தார். எவர்ஷெட் 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள், தம் 92ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்தாலும் அவர் செப்பனிட்ட பணி நிற்கவில்லை. 1904ஆம் ஆண்டு முதல் கோடைக்கானலில் எடுக்கப்பெற்றுவரும் ஞாயிற்றுப் படங்கள் இன்று உலக அறிஞர் நாடும் கருவூலமாக விளங்குகின்றன. நூறாண்டுக்கு முன் ஞாயிறு எவ்வாறு இருந்தது என்பதை அறிய அக்கண்ணாடித் தகடுகளே சான்று. அவர் கண்டறிந்த விளைவின் நூற்றாண்டை ஒட்டி, 2008ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் பல நாட்டு அறிஞர் கூடி ஆராய்ந்தனர். அவ்வொழுக்கின் நுணுக்கங்கள் இன்றும் ஆராயப்பட்டே வருகின்றன.

இவ்வாழ்விலிருந்து நாம் பெறத்தக்கவை சில உள. ஒன்று, தன் உள்ளம் எதனால் அசைகிறது என்பதை ஒருவன் தன் ஓய்வுப்பொழுதைக் கொண்டே அறியலாம். இரண்டு, அவ்வசைவு தோல்விக்குப் பின்னும் நிற்கிறதா என்று பொறுத்துப் பார்க்க வேண்டும். முதல் மேகத்தில் கலைவது ஆர்வம் அன்று. மூன்று, அந்த ஆர்வத்தின் அடியில் இருப்பது பொருளின்மீதுள்ள அன்பா, தன்மீதுள்ள அன்பா என்று உசாவ வேண்டும். நான்கு, குடும்பத்தைத் தாங்கும் தொழிலை இகழ வேண்டுவதில்லை. எவர்ஷெட் அத்தொழிலிலேயே நெடுங்காலம் நின்று, அதிலிருந்து கற்று, காலம் கனிந்தபோது கடந்து சென்றார்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். நம் பிள்ளைகள் கேளாமலே செய்யும் செயல் ஒன்று இருக்கும். உணவுக்கு அழைத்தாலும் எழுந்து வாராமல் எதிலோ மூழ்கியிருக்கும் பொழுது ஒன்று இருக்கும். அதனைக் கண்டு சினவாமல், அருகில் அமர்ந்து ஒருமுறை நோக்குவோமாக. ரன்யார்டு என்னும் நண்பர் ஒரு தொலைநோக்கியை விட்டுச் சென்றார். நாம் நம் பிள்ளைகளுக்குச் சிறிது பொழுதையும் நம்பிக்கையையும் விட்டுவைக்கலாம்.

அடுத்த முறை ஐவர்மலையை வணங்கிப் பழனி வழியே கோடைக்கானல் செல்லும் குடும்பங்கள், ஏரிக்கரையோடு திரும்பிவிடாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வானாய்வகத்தையும் கண்டு வருதல் நன்று. நாற்பத்திரண்டாம் வயதில் ஒருவர் தம் உள்ளம் நாடிய பணியைத் தேடி ஏறி வந்த இடம் அது என்று அங்கு நின்று அவர்களுக்குச் சொல்லலாம்.